லேமினேட் செய்த விடைக்குறிப்பு

விடைக்குறிப்பை லேமினேட் செய்து கொண்டுவந்த ஒரே மனிதர் அவர்தான். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி அரங்கில் விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்தது. மதுக்கரையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், மற்ற வேதியியல் ஆசிரியர்களோடு நானும் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் மேசைக்கு அவர் தலைமைத் தேர்வாளர். எல்லோரும் சீஃப் என்போம். ஓட்டல் மெனு அட்டையைப் போலப் பளபளத்த குறிப்பை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். இத்தனை வருட வேலையில் தனக்கு ஒரு சந்தேகம்கூட வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வராதுதான். சந்தேகம் வருவதற்குக் கொஞ்சமாவது படிக்க வேண்டுமே.

அவர் ஒரு கைடும் எழுதியிருந்தார். மாணவர்கள் எல்லோரிடமும் அது இருக்கும். கேள்வி, கீழே விடை, அதற்கும் கீழே கட்டம் கட்டி ‘இது மட்டும் போதும்’. ஏன், எப்படி என்ற இரண்டும் அந்தப் புத்தகத்துக்குள் நுழைந்ததே இல்லை. விடைக்குறிப்பையும் அதிலிருந்துதான் அப்படியே எடுத்திருந்தார்.

மூன்றாம் நாள் தமிழ்வழி மாணவர் ஒருவரின் தாள் வந்தது. எண் மட்டும்தான், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. மனப்பாடக் கேள்விகளை எல்லாம் விட்டுவிட்டு, யோசித்து எழுத வேண்டியவற்றை மட்டும் எழுதியிருந்தார். பியூட்டாடையீனோடு நாற்பது டிகிரியில் ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் எது அதிகம் கிடைக்கும் என்ற கேள்விக்கு ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார். ஹைட்ரஜன் ஓரத்துக் கார்பனில் சேர்ந்ததும் உண்டாகும் நேர்மின்சுமை ஒரே இடத்தில் நிற்காது. உடனிசைவால் இரண்டு கார்பன்களுக்குப் பொதுவாகிவிடும். அதனால் புரோமைடு இரண்டாம் கார்பனிலும் சேரலாம், நான்காம் கார்பனிலும் சேரலாம். இதை அம்புக்குறி போட்டுக் காட்டிவிட்டு இப்படி முடித்திருந்தார்: ‘குளிரில் புரோமைடு கிட்ட இருக்கிற இடத்தில் உட்கார்ந்துவிடும். சூட்டில் எழுந்து, நிலையான இடமாகப் பார்த்து மாறிக்கொள்ளும். ஆகவே நாற்பது டிகிரியில் நான்காம் இடம்.’ முழுக்கச் சரி. படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் குறிப்பில், குளிருக்கான விடையான இரண்டாம் இடம்தான் இருந்தது. மற்ற விடைகளோடு இதற்கான ஐந்து மதிப்பெண்ணும் கிடைத்தால் அந்த மாணவர் தேறிவிடுவார், இல்லையென்றால் கிடையாது.

தாளைச் சீஃபிடம் கொண்டுபோனேன்.

“ஆன்சர் கீயில இது இல்லீங்களே, மேடம்.”

“கேள்வியில நாப்பது டிகிரின்னு இருக்குதுங்க சார். இதுதானுங்க சரி.”

அவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் படித்தார். பிறகு அட்டையை விரலால் தட்டினார். “இருக்கலாமுங்க. ஆனா எல்லாத்துக்கும் லேமினேட் போட்டுக் குடுத்துப்போட்டனே. இப்பப் போயி மாத்தச் சொன்னா, மூணு நாளாத் திருத்துன தாளெல்லாம் என்னாவறதுங்க? தாள் இங்கயே இருக்கட்டும். நீங்க போயி ஒரு டீ சாப்புட்டுட்டு வாங்க மேடம்.”

இவ்வளவு மரியாதையாக ஓர் அயோக்கியத்தனத்தைச் செய்ய எங்கள் ஊர்க்காரரால்தான் முடியும். ஒரு பிளாஸ்டிக் உறை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு பிள்ளையைத் தோற்கடிக்கிறார், அதிலும் நாலு ‘ங்க’ போட்டு. எழுத்தில் புகார் கொடுத்திருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு வந்து சுழியம் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து என் வகுப்பில் ஒரு மாணவி அந்தக் கைடின் திருத்திய பதிப்பை நீட்டினாள். “இந்தச் சார் எவ்வளவு அழகாச் சொல்லியிருக்காருங்க, பாருங்க மேடம்.” பார்த்தேன். குளிரில் புரோமைடு கிட்ட இருக்கிற இடத்தில் உட்கார்ந்துவிடும். சூட்டில் எழுந்து, நிலையான இடமாகப் பார்த்து மாறிக்கொள்ளும். ஓர் எழுத்துகூட மாறவில்லை. இந்த விளக்கங்கள் தம் நீண்ட அனுபவத்தில் விளைந்தவை என்று முன்னுரையில் வேறு எழுதியிருந்தார். திருடுவதற்குக்கூட ஒரு வார்த்தையை மாற்றத் தெரியாத மண்டை.

இப்போது அந்த வரியை எழுதுகிற பிள்ளைகளுக்கு நானும் ஐந்துக்கு ஐந்து போடுகிறேன். அவரைத் திட்ட எனக்கு வாய் நிறைய வார்த்தை இருக்கிறது. ஆனால் அந்தத் தாளில், சுழியத்துக்குப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து.