எங்கள் கார் ரேடியோவின் இரைச்சல்

யுத்தம் முடிந்து வெள்ளைக்கார அதிகாரிகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். கண்டோன்மெண்டில் ஒருவர் கப்பலேறுவதற்கு முன் விற்ற காரை என் வீட்டுக்காரர் வாங்கி மல்லேஸ்வரத்துக்கு ஓட்டி வந்தார். காரோடு ஒரு ரேடியோவும் வந்தது. வீட்டுக்கும் ஒன்று வாங்கலாமே என்றேன். "காரிலேயே இருக்கு, வீட்டுக்கு வேற எதுக்கு?" என்று அந்தப் பேச்சை முடித்துவிட்டார். ஆகையால் கச்சேரி கேட்க வேண்டுமென்றால் நாங்கள் கொல்லைப்புற ஷெட்டுக்குப் போய், நின்றுகொண்டிருக்கும் காரில் ஏறி உட்கார வேண்டும். பார்க்கிறவர்கள் எங்கோ புறப்பட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் ஆனால் போதும், ரேடியோ கொர்ரென்று இரைய ஆரம்பித்துவிடும். பாடுவது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

மற்ற நாளாக இருந்தால் நானும் ரேடியோவைத் தலை முழுகிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் என் தங்கை ரேடியோவில் பாடப் போகிறாள். கல்யாணமான பிறகு மாமனார் வீட்டில் அவள் வாயைத் திறந்து பாடியதே இல்லை. குடும்பப் பெண்ணுக்கு அது கூடாது என்று உத்தரவு. அந்தப் பெரியவர் காலமான பிறகு அவள் புருஷனுக்கு எப்படியோ தைரியம் வந்து, சென்னை நிலையத்தில் ஒரு சாயங்காலம் கால்மணி நேரம் ஏற்பாடாகியிருந்தது. "யார் கேக்காட்டியும் நீ கேக்கணும் அக்கா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் அங்கே பாடும் அந்த நிமிஷத்திலேயே நான் இங்கே கேட்டால்தான் உண்டு.

இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். சர்க்கார் கட்டட இலாகாவில் பெரிய உத்தியோகம். பாலம் கட்டத் தெரிந்தவருக்கு ரேடியோ எம்மாத்திரம்? முதலில் பிளக்கில் கோளாறு என்றார். மாற்றினார். பிறகு டைனமோதான் காரணம் என்று அதில் ஒரு கண்டென்சரை வைத்துக் கட்டினார். அடுத்து பானெட்டையும் சேஸிஸையும் செம்புக் கம்பியால் இணைத்தார். ஒவ்வொரு தடவையும் எஞ்சினை உறுமவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டு, "குறைஞ்சிருக்கு" என்பார். ஒரு மண்ணும் குறையவில்லை.

"எஞ்சினை அணைச்ச பிறகும் இரையுதே?" என்று கேட்டேன்.

"சூடு ஆற வேண்டாமா?" என்றார்.

கண்டோன்மெண்டில் ஒரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனோம். கோவில் மணி மாதிரி கணீரென்று பாடியது ரேடியோ. அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். வீடு திரும்பி ஷெட்டில் நிறுத்தி முடுக்கினால், கொர்ர். மெக்கானிக்குக்கு வேலை செய்ய மனசில்லை, அதனால்தான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் என்று இவர் தீர்ப்பு எழுதிவிட்டார். எனக்கு முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு சாயங்காலம் இவர் ஷெட்டிலிருந்து, "நின்னுபோச்சு! வந்து கேளு" என்று கூப்பிட்டார். ஓடினேன். சுத்தமாக இருந்தது. அன்றைக்கு ஏதோ ஒரு ஒயரைப் பிடுங்கி வேறிடத்தில் சொருகியிருந்தாராம். அந்த வேளையில்தான் எங்கள் வேலைக்காரி ராகி டின்னைத் தலையில் வைத்தபடியே திரும்பி வந்தாள். மில்லில் பெல்ட் அறுந்துவிட்டதாம், இன்றைக்கு அரைக்க மாட்டார்களாம்.

எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து, அதைத் தாண்டினால் ராகி மில். சாயங்காலமானால் தொடங்கும் அதன் தடதடப்பு எங்கள் காதுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது; அது ஓடுவதையே நாங்கள் கேட்பதில்லை. மறுநாள் பெல்ட் போட்டார்கள். மில் ஓடியது, ரேடியோ இரைந்தது. மில் மோட்டார்தான் காரணம் என்று சொன்னேன். "மில்லுலேருந்து நம்ம காருக்கு ஒயரா ஓடுது?" என்று சிரித்தார். இத்தனைக்கும் அந்த மில்லுக்கு வாரா வாரம் ராகி போவது இவருடைய காலைக் கஞ்சிக்குத்தான்.

சரி, அன்றைக்கு மட்டும் காரை வேறெங்காவது கொண்டுபோய் நிறுத்துங்கள் என்றேன். பெட்ரோல் இல்லை. ரேஷனில் கிடைத்ததையெல்லாம் எஞ்சினை உறுமவிட்டே தீர்த்திருந்தார்.

தங்கை பாடும் நாள் வந்தது. விளக்கு வைக்கும் வேளைக்குச் சற்று முன் நானே மில்லுக்குப் போனேன். வாசலில் பெண்கள் டின்னும் மூட்டையுமாக வரிசையில் நின்றிருந்தார்கள். மில்காரரிடம் கன்னடத்தில் விஷயத்தைச் சொல்லி, கால்மணி நேரம் நிறுத்தச் சொன்னேன். "ஆகல்லம்மா" என்று கையை விரித்தார். தங்கையின் கதையை வரிசைக்கே சொன்னேன். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி, அவள் வீட்டிலும் ஒரு மாமனார் இருந்தார் போலும், "நிறுத்தித்தான் ஆகணும்" என்று மில்காரரைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார்: நான் அங்கேயே நிற்க வேண்டும். நான் போய்விட்டால், புதிதாக டின்னைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?

பெல்ட் நின்றது. தெருவே திடீரென்று அகலமாகிவிட்டது போலிருந்தது. ஷெட்டில் இவர் ரேடியோவைப் பலமாக வைத்திருக்க வேண்டும். அந்தக் குறுகிய சந்தின் குறுக்கே என் தங்கையின் குரல் வந்தது. மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது தெளிவாகக் கேட்டது. கீழே இறங்கினால் காற்று கொண்டுபோய்விட்டது. டின்னோடு வந்தவர்களுக்கெல்லாம் கையமர்த்திக்கொண்டே, அழுதுகொண்டே கேட்டேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். "எங்கே போயிட்டே? ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. நான் அப்பவே சொன்னேன், அந்த ஒயர்தான். உன் தங்கை பக்கத்திலேயே உக்காந்து பாடின மாதிரி இருந்தது" என்றார். மில்லை நிறுத்தியதைச் சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

அடுத்த கோடையில் தங்கை வந்தாள். "கடைசிப் பாட்டிலே கீழே இறங்கும்போது குரல் நடுங்கிடுச்சு, இல்லையா அக்கா?" என்று கேட்டாள். இத்தனை நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"நடுங்கவே இல்லை. நான் பக்கத்திலே உக்காந்து கேட்டேனே" என்றார் இவர்.

அவள் இவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மில் வாசலில் அந்த இடம் எனக்குக் கேட்கவே இல்லை. "ஆமாம், நடுங்கலை" என்றேன். ரேடியோ விஷயத்தில் ஒருவழியாக நானும் ஒத்துக்கொண்டேன் என்று இவருக்குப் பரம திருப்தி.