பின்சீட்டில் ஒரு வரி

எங்கள் ஒயின் பட்டறையின் புட்டிகளில் பின்பக்கச் சீட்டில் ஒரு வரி இருக்கும்: இந்த ஒயினோடு இன்ன உணவு சேரும் என்று. மற்ற பட்டறைகளில் அதை நகரத்தில் உட்கார்ந்திருக்கும் எவனோ எழுதித் தருகிறான். எங்களிடம் அது சண்டையில்தான் பிறக்கும். மார்ச் மாதத்தில் ஒருநாள், சீட்டு ஒட்டாத புட்டிகளைத் திறந்துவைத்து, காய்ந்த திராட்சைக் கொடிகளை எரித்த தணலில் ஆட்டு விலாவை வாட்டி, வேலைக்காரர்கள் பதினொரு பேரும் முதலாளி லெயாந்திராவும் ஒரே மேசையில் சாப்பிடுவோம்.

முதல் கோப்பை எங்களில் மூத்த வேலைக்காரரான எவாரிஸ்தோவுக்கு. அவர் மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்து, "ஊத்து" என்றால்தான் மற்றவர்களுக்கு ஊற்றலாம். பிறகு அவர் உணவைச் சொல்வார். உடனே எல்லோரும் அவர்மேல் பாய்வோம். ஒருமுறை எங்கள் பழைய சிவப்பு ஒயினுக்கு உப்பிட்ட காட் மீனைச் சொன்னார். "உங்க நாக்கைக் கழட்டி உப்புல ஊறப் போட்டீங்களா?" என்று கேட்டேன். "நீ புட்டியக் கழுவு மகளே, நாக்கு விஷயம் உனக்கெதுக்கு" என்றார். சாயங்காலம் வரை கத்தினோம். கடைசியில் அவர் சொன்னதே சரி என்று தெரிந்து எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சண்டைதான் அவருக்குக் கல்யாணம், பிள்ளைகுட்டி எல்லாம்.

போன வருடம் ஜனவரியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. லொக்ரோஞ்ஞோ நகரத்தில் ஒரு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். நரம்பு செத்துவிட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் சுற்றிவளைக்காமல் சொன்னார். வெளியே வந்ததும் எவாரிஸ்தோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லாத. ஞாபகத்துல இருக்கறத வெச்சு ஓட்டிடுவேன்."

"எத்தன நாளைக்கு?"

"தெரியல. ஆனா அந்த மேசையில எனக்கு வேற என்ன இருக்கு?"

நானும் யாரிடமும் சொல்லவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் வந்தது. வழக்கம்போல முதல் கோப்பை. மோந்தார், குடித்தார், "ஊத்து" என்றார். ஊற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. புட்டியை மூடிய தக்கை கெட்டு, அதன் வாடை ஒயினில் இறங்கியிருந்தது. மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் நாற்றம். மற்ற பதினொரு பேரின் மூக்கும் ஒரே நொடியில் சுளித்து, அவருக்கு மூக்கு போய்விட்டது என்று புரிந்ததும் ஒரே நொடியில் நேரானது.

"விலாவோட சேரும்" என்றார் எவாரிஸ்தோ.

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. லெயாந்திரா கோப்பையை முழுக்கக் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். நானும் குடித்தேன். எவாரிஸ்தோ ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். விலா தட்டில் ஆறிப்போனது.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்த பிறகு முற்றத்தில் என்னைப் பிடித்தார்.

"என்ன நாத்தம் அது?"

"தக்கை."

"எல்லாரும் குடிச்சாங்களா?"

"எல்லாரும்."

"துப்பியிருக்கணும் மகளே. கிழட்டுக் கழுதைன்னு திட்டியிருக்கணும்."

வேலையை விடுகிறேன் என்று லெயாந்திராவிடம் போய்ச் சொன்னார். முதலாளி கேட்கவில்லை. "நீங்க இருக்கற வரைக்கும் முதல் கோப்பை உங்களுக்குத்தான் எவாரிஸ்தோ" என்று தோளைத் தட்டி அனுப்பினார். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசின்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இந்த மார்ச்சில், மேசைக்குப் போகும் வழியில், எவாரிஸ்தோ என்னிடம் சொன்னார்: "இன்னிக்கு நான் என்ன சொன்னாலும் நீ சண்டை போடணும். நீயாச்சும்."

"போடறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

எங்கள் ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. ஆர்ட்டிசோக் என்கிற கூனைப்பூவைத் தின்றுவிட்டு ஒயின் குடித்தால் வாய் தகரமாகிவிடும். அந்தக் காயை எங்கள் மேசைப் பக்கமே கொண்டுவர மாட்டோம். எவாரிஸ்தோ கோப்பையை மோந்தார், குடித்தார், எல்லோருக்கும் ஊற்றச் சொன்னார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக, "இது கூனைப்பூவோட சேரும்" என்றார்.

மேசையில் ஒரு கத்தி கூட அசையவில்லை. பாவம், இதையும் மறந்துவிட்டார் என்று அத்தனை முகத்திலும் எழுதியிருந்தது. அவர் என்னை மட்டும் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு துளி மறதி இல்லை. என் நாக்கில் நல்ல வசவு ஒன்று தயாராக இருந்தது. ஆனால் அந்தக் கழுத்து எவ்வளவு மெலிந்துவிட்டது, சட்டைக் காலருக்குள் அது எப்படி ஆடுகிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"சரிதான் எவாரிஸ்தோ" என்றேன். "நல்லா சேரும்."

அவர் தலையசைத்தார். அந்த முதல் கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மேசையை விட்டு மெதுவாக எழுந்தார்.