பிரேக் மிதிக்க ஓர் ஆள்

எங்கள் அப்பாவுக்கு எதையும் அளக்காமல் செய்யத் தெரியாது. திண்டுக்கல்லில் மோட்டார் பம்பு பட்டறை ஒன்றில் பிட்டர் வேலை. சட்டைப் பையில் எப்போதும் டேப் இருக்கும். எனக்குப் பாவாடைத் துணி எடுக்கப் போனாலும் கடைக்காரர் அளந்ததை இன்னொரு தடவை அளந்து பார்த்து மானத்தை வாங்குவார். அப்படிப்பட்டவர்தான், கொல்லைக் கதவைவிட அகலமான ஒரு காரை வீட்டுக்குள்ளேயே பூட்டி முடித்தார்.

செம்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த பழைய குட்டிக் கார் அது. கழற்றி டெம்போவில் ஏற்றிவந்து, வெறும் கூட்டை மட்டும் நாலு பேர் ஒருக்களித்துச் சாய்த்துக் கொல்லைக்குள் இறக்கினார்கள். அதற்கப்புறம் ஒரு வருஷம் அப்பா அதோடுதான் கிடந்தார். துருவைச் சுரண்டினார், பட்டி பார்த்தார், இளம்பச்சை அடித்தார். முன்னால் இருந்த இரண்டு தனி சீட்டுகளையும் தூக்கிவிட்டு, குறுக்கே ஒரே நீள சீட்டாகத் தைத்துப் போட்டார். நடுவில் இடிக்கிறது என்று கியரை ஸ்டியரிங் பக்கம் மாற்றினார்.

எல்லாம் முடிந்த அன்றுதான் கார் கொல்லைக் கதவு வழியாக வெளியே போகாது என்று தெரிந்தது. பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏலே, அளக்காமயா பூட்டுன?"

"அளவு தப்பிப்போச்சுண்ணே" என்றார் அப்பா.

வீடே சிரித்தது. நான் மட்டும் அழுதேன். அந்தக் காரில் பழனிக்குப் போகப்போவதாகப் பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன்.

கார் நகரவில்லை, வேலையும் ஓயவில்லை. மூன்று குடும்பம், பதினாலு பேர் இருந்த வீடு. அம்மாவும் அப்பாவும் நேருக்கு நேர் பேசி நான் பார்த்தது குறைவு. "அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்று அம்மா என்னிடம்தான் சொல்வாள். அந்த அம்மாவைச் சாயங்காலமானால் அப்பா கொல்லைக்குக் கூப்பிட்டுவிடுவார். பிரேக் பைப்பில் காற்று புகுந்துவிட்டதாம். உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து மிதித்தால்தான் அதை வெளியேற்ற முடியுமாம். நான் மிதிக்கிறேன் என்றால், "ஒனக்குக் கால் எட்டாது தாயி" என்பார். செத்த நேரம் கழித்து அவரும் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். கண்ணாடியை ஏற்றியிருந்தாலும் அம்மாவின் சிரிப்பு வெளியே கேட்கும். வீட்டுக்குள் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. அம்மா போய் ஆறு வருஷமாகிறது. அந்தச் சிரிப்புக்கு மனசு இன்னும் ஏங்குகிறது.

"மூணு மாசமா மிதிச்சும் பிடிக்காத பிரேக்கு எந்த ஊர்ல இருக்கு?" என்று பெரியம்மா அடுப்படியில் கேட்பார். அம்மா வெங்காயத்தை இன்னும் பொடியாக நறுக்குவாள்.

எனக்குப் பழனிதான் குறி. ஒருநாள் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "செவத்த இடிச்சா கார் வெளிய வந்துரும்ல பெரியப்பா?" என்றேன்.

"அட, இம்புட்டுத்தானா ஆத்தா? இடிச்சுட்டாப் போச்சு!"

"மழ முடியட்டும்ணே", "தை பொறக்கட்டும்ணே" என்று அப்பா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? கொத்தனார் வந்தார், சுவர் விழுந்தது. நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் தெருவுக்கு வந்தது. பழனிக்கு ஒன்பது பேர் அடைந்துகொண்டு போனோம். முன்னால் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். இடமில்லை என்று அம்மா வீட்டிலேயே நின்றுகொண்டாள்.

அதற்கப்புறம் கார் எல்லாருக்கும் பொது. ஒருநாள் சித்தப்பா அதை எடுத்துக்கொண்டு நிலக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாயங்காலம் அப்பா வெறும் கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். அம்மாவும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். உள்ளேயிருந்து பெரியம்மா கூப்பிட்டதும் அம்மா போய்விட்டாள்.

காரைக் காணாமல்தான் அப்பாவின் முகம் வாடிவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் போய் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாதப்பா, நாளைக்கு வந்துரும்" என்று ஆறுதல் சொன்னேன்.