அல்லி ஏரிக்குள் மோட்டார் ஓடிய நாள்

என் தம்பி லரியோனுக்கு உட்கார வராது. ஐம்பத்தாறு வயதாகிறது, இன்றைக்கும் மீன் சூப்பை நின்றுகொண்டேதான் குடிப்பான். தேவாலயத்தில் நான்கு மணி நேர வழிபாடு என்றால் முதல் ஆளாக வந்துவிடுவான். பக்தி எல்லாம் ஒன்றுமில்லை, எங்கள் சபையில் நின்றுகொண்டுதான் கும்பிட வேண்டும், அதனால். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள்! டான்யூப் கடலில் கலக்கிற இந்த நாணல் காட்டுக்குள் வெளியூர்க்காரர்களைப் படகில் கூட்டிப்போய், மோட்டாரை நிறுத்திவிட்டு, பறவை மிரளாமல் அசையாமல் காத்திருக்கிற தொழில். அவனுக்குப் பேசவும் வராது என்பதால் பறவையின் பேர் சொல்வதற்கு நானும் கூடப் போவேன்.

படகின் பின்னால் கழியை ஊன்றிக்கொண்டு நிற்பான். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுவான். நாணல் தண்டைக் கடித்துக் கடித்துத் துப்புவான். "அண்ணே, உங்களுக்கு எறும்பு ஏதும் கடிக்குதா?" என்று ஒரு பயணி கேட்டேவிட்டார்.

ஆனால் அல்லி ஏரி வந்தால் ஆளே வேறு. அங்கே மீசை ஆலா என்கிற சின்ன நீர்ப்பறவைகள் அல்லி இலையின் மேலேயே கூடு கட்டும். கூடென்றால் என்ன, ஒரு கைப்பிடித் தண்டு, மேலே மூன்று முட்டை. உள்ளங்கை உயர அலை வந்தால் போதும், முட்டை தண்ணீருக்குள் போய்விடும். அதனால் ஏரி வாயிலேயே மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டுக் கழியால்தான் தள்ளுவான். ஒருமுறை எவனோ மோட்டார் ஓட்டிக்கொண்டு உள்ளே வர, இவன் அந்தப் படகுக்குள் குதித்து, சாவியைப் பிடுங்கி ஏரியில் எறிந்துவிட்டான். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவனும் அவன் மகள் வர்வராவும் கூடுகளை எண்ணுவார்கள். ஆறு வயதிலிருந்து அவள் எண்ணுகிறாள்.

அந்த வர்வராவோடுதான் ஈஸ்டரிலிருந்து பேச்சில்லை. இத்தாலியில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். அவள் முடிக்கும் முன்பே இவன் எழுந்து படகைப் பார்க்கப் போய்விட்டான். அவள் வாசலில் நின்று கத்தினாள்: "ஒரு ஆலாவுக்கு மோட்டார நிறுத்துறீங்க. நான் பேசினா ஒரு நிமிஷம் நிக்க முடியலையாப்பா உங்களால?" அதோடு சரி. அப்பனும் மகளும் ஒரே வார்ப்பு, இரண்டும் இறங்கி வராது. நான் இரண்டு பக்கமும் பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவள் கிளம்புகிற நாளும் வந்தது. பன்னிரண்டு மணிக்குத் துல்ச்சா நகரத்துக்குக் கப்பல், அங்கிருந்து இத்தாலிக்கு பஸ். காலை எட்டரைக்கு நான் துறைக்குப் போனால், இந்த மகானுபாவன் மோட்டாருக்கு பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறான். பிரஷோவிலிருந்து வந்த ஹோரியா என்பவரும் அவர் மனைவியும் கேமராவோடு தயாராக நிற்கிறார்கள்.

"டேய், இன்னிக்கு வேற யாரையாவது அனுப்புடா. புள்ள கெளம்புறா."

"பன்னெண்டுக்குத்தானே கப்பல். பதினோரு மணிக்கு வந்துருவேன்."

"வந்து?"

"வந்து... எல்லாரும் உக்காரணும்ல. உக்காருவேன். சும்மா தொணதொணக்காதக்கா."

எங்கள் வீடுகளில் யார் தூரம் போனாலும், படி இறங்கும் முன் எல்லோரும் ஒரு நிமிடம் ஒன்றாக உட்கார வேண்டும். பேசக் கூடாது. அப்பா உட்காராமல் மகள் கிளம்பினாள் என்றால் ஊர் என்ன சொல்லும் என்பது இருக்கட்டும், அவனாலேயே அதைத் தாங்க முடியாது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவன் காலையிலிருந்து தவித்தான். ஆனால் அதுவரை வீட்டில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க தைரியம் இல்லை. ஆற்றுக்கு ஓடிவந்துவிட்டான்.

அந்தத் தவிப்பில்தான் தப்புப் பண்ணினான். எங்கள் ஊர் நாணல் பாதி மண்ணில் நிற்பதில்லை, வேரோடு பின்னித் திட்டுத் திட்டாக மிதக்கிறது. காற்று தள்ளுகிற பக்கம் போகும். கிழக்குக் காற்று எழும்பினால் குறுக்கு வாய்க்காலுக்குள் நுழையக் கூடாது என்று பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அன்று காற்று திரும்பியதைக் கவனிக்காமல் அவன் அதற்குள் படகை விட்டான். சொன்னால் வெட்கம், நானும்தான் கவனிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூழைக்கடாக் கூட்டம் பார்த்தோம். நீர்நாய் ஒன்று மீனோடு கரையேறியது. ஹோரியாவுக்கு ஒரே குஷி. "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கலாமாங்க?" என்று கேட்கும்போதெல்லாம் லரியோன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான், பிறகு வானத்தைப் பார்ப்பான், பிறகு மறுபடி கடிகாரத்தை. பத்தே முக்காலுக்குத் திரும்பினோம். வாய்க்கால் இல்லை. வந்த வழியில் ஒரு பெரிய நாணல் திட்டு கதவு சாத்தின மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது.

ஆணும் பெண்ணுமாக நான்கு பேரும் அரை மணி நேரம் தள்ளினோம். திட்டு அசையவில்லை. அவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தோளைக் கொடுத்தான். அந்த நாணலுக்குள் போனும் எடுக்காது.

"வரும்போது காட்டினீங்களே, அந்த அல்லி ஏரி வழியா போனா?" என்றார் ஹோரியா.

"கழி போட்டா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்," என்றான் லரியோன்.

"மோட்டார் போட்டா?"

அவன் படகை ஏரிப் பக்கம் திருப்பினான். மணி பதினொன்று முப்பத்தைந்து. ஏரி வாய்க்கு வந்ததும் வழக்கம்போல மோட்டாரை நிறுத்திவிட்டான். தூக்குவதற்காகக் கை வைத்தவன் அப்படியே நின்றான். நான்தான் சொன்னேன். பாவம் என்றால் அதில் பாதி என்னுடையது.

"போட்றா மோட்டார. அவ போயிட்டா நீ செத்துருவ."

போட்டான். ஐயோ, அந்தப் பத்து நிமிடத்தை நான் எப்படிச் சொல்வேன்! இரண்டு பக்கமும் அல்லி இலைகள் எழும்பிக் கவிழ்ந்தன. ஆலாக்கள் மொத்தமாக எழும்பி அலறிக்கொண்டு எங்கள் தலையில் கொத்தின. அவன் தொப்பி விழுந்தது, நெற்றியில் ரத்தம். திரும்பிப் பார்க்கவே இல்லை. ஹோரியா கேமராவை மடியில் வைத்துக் குனிந்துகொண்டார். அவர் மனைவி அழுதாள்.

துறையில் கப்பல் நின்றுகொண்டிருந்தது. லரியோனின் மனைவி அக்ரிப்பினா பெட்டியோடு கரையிலேயே இருந்தாள். "வீட்ல உக்காரவே மாட்டேன்னுட்டா அண்ணி. அப்பா வரட்டும்னு நிக்கிறா," என்றாள் என்னிடம்.

அவன் படகைக் கட்டினான். பழக்க தோஷம், மோட்டாரைத் தூக்கினான். விசிறி முழுக்க அல்லித் தண்டு சுற்றிக்கொண்டு சொட்டியது. வர்வரா அதைப் பார்த்தாள். அப்பன் நெற்றியைப் பார்த்தாள்.

"அப்பா, ஏரி வழியாவா வந்தீங்க? மோட்டார் போட்டா?"

அவன் குனிந்து தண்டைப் பிய்க்கத் தொடங்கினான்.

"பைத்தியமாப்பா நீங்க? ஜூன் மாசம்ப்பா!" என்று அவன் நெஞ்சில் குத்தினாள். குத்திக்கொண்டே அழுதாள். பிறகு பெட்டியைப் படுக்கப் போட்டாள். "உக்காருங்க."

கப்பலில் இருந்தவன் "ஏறும்மா, நேரமாச்சு!" என்று கத்த, நான் "உனக்குத் தாய் தகப்பன் இல்லையாடா? கொஞ்சம் இரு!" என்று பதிலுக்குக் கத்தினேன். அப்பனும் மகளும் பெட்டி மேல், நானும் அக்ரிப்பினாவும் துறைப் பலகையில். உட்கார்ந்தோம். அவன் முழங்கால் தடதடவென்று ஆடியது. அவள் அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். ஆட்டம் நின்றது.

எழுந்ததும் அவள் கேட்டாள்: "இந்த வருஷம் எத்தன கூடு?"

"போன வாரம் நாப்பத்தொண்ணு."

"நாளைக்கு எண்ணிட்டு எனக்கு போன் பண்ணுங்க. அம்மா இல்ல. நீங்க பண்ணணும்."

மறுநாள் விடிந்ததும் மோட்டார் இல்லாத சின்னப் படகை எடுத்தான். நானும் ஏறிக்கொண்டேன். ஆலாக்கள் எங்களைப் பார்த்ததும் கத்தின. அவன் ஒவ்வொரு இலையாகப் பார்த்தான், இரண்டு முறை எண்ணினான். பிறகு போன் எடுக்கிற இடம் வரை தள்ளிக்கொண்டு வந்து அவளைக் கூப்பிட்டான். அவள் அப்போது பஸ்ஸில் ஹங்கேரிக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

"பத்தொம்போதுதான்மா இருக்கு," என்றான். "இருபத்திரெண்டு போச்சு. நான்தான் கொன்னேன்." அதற்கு மேல் முடியாமல் அழுதான். அவனைக் குழந்தையில் பார்த்ததற்குப் பிறகு அன்றுதான் அவன் அழுது பார்க்கிறேன்.

அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள். ஆலா மறுபடியும் முட்டையிடும் என்று சொல்லியிருப்பாள், இல்லை திட்டியிருப்பாள், எனக்குக் கேட்கவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள். லரியோன் படகின் குறுக்குப் பலகையில் உட்கார்ந்தான். அரை மணி நேரம், அவள் போனை வைக்கும்வரை, எழுந்திருக்கவே இல்லை.