உறைந்த எண்ணெய்

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்திருந்தது. வெந்நீரில் நிறுத்தினேன். வாசனை எழுந்ததும் அரியலூர் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் கண்முன் வந்தது.

பள்ளி ஆசிரியரான அப்பா, குடிலைச் சுற்றி ஒரு குட்டி மின்சார ரயில் ஓட்டுவார். வருஷத்துக்கு ஒரு தண்டவாளத் துண்டு திருச்சியில் வாங்கிச் சேர்த்தது. வருஷா வருஷம் விலை ஏறியது. ஒருமுறை தண்டவாளம் வாங்கியதில் எஞ்சினுக்குப் போடும் எண்ணெய்க்குக் காசு மிஞ்சவில்லை.

"எல்லாம் எண்ணெதானம்மா" என்று தலைக்குத் தேய்க்கிற எண்ணெயையே விட்டார்.

கிறிஸ்துமஸ் காலையில் பூசை முடிந்து வந்து சுவிட்சைப் போட்டார். எஞ்சின் நகரவில்லை. குளிரில் எண்ணெய் உறைந்துபோனது அவருக்குத் தோன்றவில்லை. மின்சாரத்தைக் கூட்டினார். மோட்டார் கருகியது.

அதன்பின் ஒவ்வொரு டிசம்பரிலும் திருச்சிக்குப் போய்ப் புது எஞ்சினின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வருவார். "இன்னும் கூடிருச்சும்மா" என்பார். குடிலில் கருகிய எஞ்சின்தான் நிற்கும்.

போன டிசம்பரில் படுக்கையில் கிடந்தபடி கேட்டார்: "இப்ப என்ன வெலைம்மா?"

செல்போனில் பார்த்தேன். என் ஒரு மாதச் சம்பளம் போதாது. நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். "எறங்கிருச்சுங்க. ஆர்டர் போட்டாச்சு."

அப்பா சிரித்தார். அதிலிருந்து வாசலில் பைக் சத்தம் கேட்டால் போதும், "பார்சலான்னு பாரும்மா" என்பார். சாகிற அன்றும் கேட்டார்.

எண்ணெய் இளகிவிட்டது. வாசலில் ஏதோ பைக் வந்து நிற்கிறது. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.