நான் முழுகாமல் இருந்த ஆறு வாரம்

தத்தெடுக்க விண்ணப்பித்தவர்களின் வீட்டுக்குச் சமூகப் பணியாளர் ஒருவர் வந்து பார்ப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார் என்பது தெரியாது. தெரிந்திருந்தால் என் அம்மா அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டாள். அல்லது அப்போதும் சொல்லியிருப்பாள். அவளை எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு புதுப்பட்டினம் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. அதே கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். கல்யாணமாகிப் பதினோரு வருடம் காத்திருந்துவிட்டுத்தான் இணையத்தில் பதிவு செய்தோம். திருமணச் சான்றிதழ், வருமானச் சான்று, இரண்டு பேருக்கும் டாக்டர் சான்றிதழ் என்று அவர் ஒவ்வொன்றாக ஏற்றினார். கடைக்கு வரும் ஒரு பெண், "இதெல்லாம் இன்னாத்துக்கு? எனக்குத் தெரிஞ்ச எடத்துல கொழந்த கீது. பத்திரத்துல எழுதி வாங்கிக்கினு வந்துடலாம்" என்றாள். அவரிடம் சொன்னேன். "அது தத்து இல்ல, கேசு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். பதிவு செய்த அன்றே அவள் ஒரு திட்டத்தோடு வந்தாள். நான் முழுகாமல் இருப்பதாகத் தெருவில் சொல்லிவிடுவது. ஏழாம் மாதம் வளையல் அடுக்கிவிட்டு, கேளம்பாக்கத்தில் என் தம்பியின் ஃபிளாட்டுக்குப் போய்விடுவது. அங்கே பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிறகு பிள்ளையோடு திரும்பி வருவது.

"ஊரு வாய மூடறதுக்கு இதான்டி வழி. நாளைக்கி அந்தப் புள்ளய எவளும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது."

குழந்தை எப்போது கிடைக்கும், எத்தனை வயதில் கிடைக்கும் என்றெல்லாம் அவள் கேட்கவே இல்லை. கடையில் ஆர்டர் போட்டால் பத்தாம் மாதம் டெலிவரி என்று நினைத்துக்கொண்டாள். நான் முடியாது என்று சொல்வதற்குள் விஷயம் எதிர் வீட்டுக்குப் போய்விட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. எதிர் வீட்டு அக்கா வவ்வால் மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீர்க் குடத்தை என் கையிலிருந்து பிடுங்கித் தான் தூக்கினாள். பதினோரு வருடமாக எந்த வளைகாப்புக்கும் என்னை முன்வரிசையில் கூப்பிடாத பெண்கள், "புளிப்பா இன்னா வேணும்?" என்று கேட்டார்கள். ஒரு நாள் நானே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஆறாவது வாரம் சமூகப் பணியாளர் வந்தார். கையில் ஃபைல், தோளில் பை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் இருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். பிறகு எதிர் வீட்டுக்குப் போனார். அக்கா அவரைச் சுகாதார நிலையத்து நர்ஸ் என்று நினைத்துவிட்டாள்.

"தங்கமான பொண்ணு மேடம். இத்தினி வருசம் கழிச்சி இப்பதான் முழுகாம கீது. இன்னும் ஆஸ்பத்திரில பதிஞ்சி கர்ப்ப நம்பர்கூட போடலியாம். நீங்களாவது பதிஞ்சி குடுங்க."

நான் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கர்ப்பமா இருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொல்றாங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. பணியாளர் கோபப்படவில்லை. ஃபைலைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். தத்தெடுத்ததைக் குழந்தையிடம் எப்போது சொல்வீர்கள் என்ற கேள்விக்கு, சின்ன வயதிலேயே சொல்லிவிடுவோம் என்று நாங்கள் பதில் கொடுத்திருந்தோம்.

"எதிர் வீட்டுக்கே சொல்ல முடியல. குழந்தைகிட்ட எப்படிச் சொல்வீங்க? நான் இப்போ அறிக்கையை முடிக்க மாட்டேன். அடுத்த வாரம் வர்றேன். அதே வீட்ல மறுபடியும் கேப்பேன்."

அந்த அறிக்கை இல்லாமல் எங்கள் பெயர் ஓரடிகூட நகராது. மறுநாள் கடை முடிந்ததும் வீடு வீடாகப் போனேன். "நான் முழுகாம இல்ல. அம்மா பொய் சொல்லிடுச்சி. நானும் சும்மா இருந்துட்டேன். தத்து எடுக்கப் போறோம்." இதையே ஒன்பது வாசலில் சொன்னேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரு முறை கரு கலைந்தது போல இருந்தது. எதிர் வீட்டு அக்கா கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். "என் மானத்த வாங்கிட்ட" என்றதுதான் கடைசி. அதன் பிறகு சோறு போடுவாள், தட்டை எடுப்பாள், அவ்வளவுதான்.

சொன்னபடி பணியாளர் வந்தார். நேராக எதிர் வீட்டுக்குப் போனார்.

"தத்து எடுக்குறாங்களாம். அதுவே வந்து சொல்லிச்சி. எனக்குக் கோவம்தான் மேடம். அதுக்காகப் புள்ள வந்தா பாக்க மாட்டேனா?"

அதையும் எழுதிக்கொண்டார். அறிக்கை போனது. மேற்கொண்டு என்ன நடக்கும் என்று அம்மாவுக்கும் கேட்கும்படி விளக்கினார். முறை வரும்போது குழந்தையின் படமும் மருத்துவ விவரமும் வரும். குறித்த நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். முதலில் வளர்ப்புப் பொறுப்பில்தான் குழந்தை வீட்டுக்கு வரும். செங்கல்பட்டில் ஆட்சியர் உத்தரவு போட்ட பிறகுதான் சட்டப்படி எங்கள் பிள்ளை. பிறப்புச் சான்றிதழில் எங்கள் பெயர் ஏறும். இதற்கெல்லாம் வருடக்கணக்காகலாம் என்றார். அம்மாவின் திட்டப்படி போயிருந்தால் நான் மூன்று வருடத்துக்கும் மேல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்க வேண்டும்.

ஆம், அத்தனை நாள் ஆனது. அம்மா இடையில் பேச ஆரம்பித்துவிட்டாள். அரிசி, கேஸ், மழை பற்றி மட்டும் பேசுவாள். குழந்தை என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டாள். வருகிற பிள்ளையை இவள் தொடுவாளா என்ற பயம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படம் வந்தது. பெண் குழந்தை, ஒன்றரை வயது, மொட்டைத் தலை, கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மருத்துவ விவரத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் போனை அவரிடமிருந்து வாங்கி அடுப்படிக்குக் கொண்டுபோய் அம்மா முன்னால் நீட்டினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இன்னும் காது குத்தல" என்றாள்.

போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"உன் தம்பிக்கிப் போன் போடு. மாமன் மடியிலதான் உக்கார வெக்கணும். தெருவுல ஒரு வூடு விடாம சொல்லணும்."