பாதிக் கப்பல்

கப்பல் வடிவமைப்புக் கூடத்தில் அவரைக் கவராயம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒடிசலான உடம்பு, நீளக் கால்கள். மேசைக்கு மேசை அவர் நடப்பது கவராயம் தாளில் அளந்துபோவதைப் போலவே இருக்கும். பத்தொன்பது வருடமாக எடைக் கணக்கு அவருடைய வேலை. ஆணி முதல் நங்கூரம் வரை ஒவ்வொன்றும் எத்தனை டன், எவ்வளவு உயரத்தில் உட்காருகிறது என்று எழுதிக் கூட்டுவார்.

கப்பலை முழுசாக யாரும் வரைவதில்லை. இடமும் வலமும் ஒன்றுதானே, நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் வரைவார்கள். எடையையும் பாதிக்கே கூட்டி, கடைசி வரியில் இரண்டால் பெருக்குவார்கள். பத்தொன்பது வருடத்தில் அவர் கண்ணுக்குக் கப்பல் என்றாலே பாதிக் கப்பல்தான்.

இந்தப் புதுப் போர்க்கப்பலுக்கு இரும்பு உடம்பு, நீராவி எந்திரம், எந்திரத்தை நம்பாதவர்களுக்காக மூன்று பாய்மரம். வெள்ளோட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பெட்டகத்தில் வைக்கக் கணக்கைச் சுத்தப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கவராயத்தின் பேனா நின்றது.

மேல்தளப் பீரங்கிகள் முதலில் திட்டத்தில் கிடையாது. கூட்டல் முடிந்து, இரண்டால் பெருக்கியும் ஆன பிறகு, மேலிடத்து உத்தரவால் சேர்த்தவை. அவர் படத்தைப் பார்த்து எண்ணி எழுதியிருந்தார்: பீரங்கி நான்கு, ஒன்றுக்கு ஒன்பது டன். படத்தில் நான்குதான். கப்பலில் எட்டு.

முப்பத்தாறு டன் கணக்கிலேயே வரவில்லை. அதுவும் உச்சந்தலையில்.

துறையில் கப்பல் நீர்மட்டக் கோட்டுக்கு இரண்டு விரல் கூடுதலாக அமிழ்ந்து நின்றபோது, "பெயின்டை அள்ளிப் பூசிட்டாங்கய்யா" என்று எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்திருந்தார்.

தலைமை வடிவமைப்பாளர் தாளைப் பார்த்தார், கதவைச் சாத்தினார்.

"ரெண்டாயிரம் டன் கப்பல்ல முப்பத்தாறு டன் ஒரு எடையாய்யா?"

"எங்க இருக்குங்கிறதுதானே ஐயா விஷயம். கீழ இருந்தா ஒண்ணுமில்ல. மேல இருக்கு. பாய் விரிச்சு ஒரு காத்து தள்ளிச்சுன்னா நிமிராது."

"இதுல என் கையெழுத்தும் இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா."

"அப்ப போய்ச் சுத்தப் பிரதி எடு. எட்டுன்னு எழுதாதே."

வீட்டில் மனைவியின் தம்பி வந்திருந்தான். அந்தக் கப்பலில் அவன் கொதிகலனுக்குக் கரி போடுகிறவன். அக்கா துவைத்த சட்டைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க? கப்பல்ல போறது நான்தானே?"

"நீ போக வேணாம் மாப்ள." முழுவதையும் சொன்னார்.

மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "தப்பு யாரோடது?"

"என்னோடது."

அவள் உட்கார்ந்துவிட்டாள். தம்பிதான் சிரிக்கப் பார்த்தான். "ஏறலைன்னா ஓடிப்போனவன்னு விலங்கு மாட்டுவாங்க மாமா. நான் ஒருத்தன் தப்பிச்சா மட்டும்? மீதி இருநூறு பேருக்கும் அக்கா இல்லையா?"

"வேலை போனா போகட்டுங்க," என்றாள் அவள். "கேப்டன்கிட்ட போய்ச் சொல்லுங்க."

வெள்ளோட்டத்தன்று காலை கப்பல் ஏணியடியில் கேப்டனை மடக்கினார். கேப்டன் முரடர், ஆனால் காது கொடுத்தார்.

"நிரூபிக்க முடியுமா?"

"ஆளுங்களை இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓட விடுங்க ஐயா. கப்பல் ஆடும். ஒரு ஆட்டம் போய்த் திரும்ப எத்தனை வினாடின்னு எண்ணுவோம். கணக்குப்படி ஒன்பது."

கட்டுக்கயிறுகளைத் தளர்த்தினார்கள். நூறு பேர் கூச்சலோடு தளத்தின் குறுக்கே ஓடினார்கள். கப்பல் ஆடத் தொடங்கியது, மெதுவாக, இதமாக.

"தொட்டில் மாதிரி இருக்குடா! யாராவது தாலாட்டுப் பாடுங்கடா!" என்று ஒருவன் கத்தினான். கேப்டன் முகத்திலும் சிரிப்பு. "நல்ல கப்பலய்யா. அலுங்காம ஆடுதே."

கவராயம் கடிகாரத்தை அவரிடம் நீட்டினார். "பதிமூணு ஐயா. நிமிர்ற பலம் இருக்கிற கப்பல் வெடுக்குனு திரும்பும், உங்களுக்குக் குமட்டும். இப்படிச் சுகமா ஆடுறது நிமிர மனசில்லாத கப்பல்."

கேப்டனின் சிரிப்பு நின்றது. "எழுதிக் குடு. தப்பு யாருதுன்னும் எழுது."

எழுதிக் கையெழுத்துப் போட்டார். கரையில் நின்ற தலைமை வடிவமைப்பாளர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இனிமே கூடத்துப் பக்கம் வராதே," என்று மட்டும் சொன்னார்.

கேப்டன் நான்கு பீரங்கிகளை ஒரு தளம் கீழே இறக்கச் சொன்னார்.

"எட்டையும் இறக்கணும் ஐயா."

"அப்புறம் எதை வச்சுச் சுடுறது, உன் பேனாவையா? சாயங்காலம் கிளம்பணும்னு உத்தரவு. நாலுதான்."

"அப்ப பாய் விரிக்காதீங்க. காத்து அடிச்சா..."

"அடிக்காதேன்னு நீயே வந்து காத்துகிட்ட சொல்லு. ஏறு."

அதுவரை கடலுக்குப் போயிராத கவராயம் ஏறினார்.

துறைமுக வாயைத் தாண்டியதும் முதல் அலை வந்தது. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்.

"எத்தனை?" என்றார் கேப்டன்.

"பதினொண்ணு."

"போதுமா?"

"பாய் விரிக்காத வரைக்கும்."

கேப்டன் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எந்திரத்திலும் பாயிலும், இரண்டிலும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றுதான் உத்தரவு. கரையில் தொலைநோக்கிகள் காத்திருந்தன. பாய்மரங்களின் அடியில் ஆட்கள் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

கவராயம் இரும்பு ஏணியில் கீழே இறங்கினார். அனல் முகத்தில் அறைந்தது. மைத்துனன் கரி அள்ளிக்கொண்டிருந்தான்.

"டேய் மாப்ள, இந்த ஏணிக்குப் பக்கத்துலயே நில்லுடா. என்ன ஆனாலும் நகராதே."

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான். "அடுப்பு அங்க இல்லையே மாமா," என்று சொல்லிவிட்டு மறுபடி கரி அள்ளக் குனிந்தான்.